எம்.பிளான் சாய்ஸ் லிஸ்ட் காலியாக இருக்கிறது, அவசரம்

வரைபடப்பித்து:
முதுகலைச் சேர்க்கைக்கான பொதுக் கவுன்சலிங்கான சி.சி.எம்.டி.யில் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். சாய்ஸ் (விருப்பக் கல்லூரி, கோர்ஸ்) நிரப்பப் போனால் எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) ஒன்றுகூடக் காட்டவில்லை. கேட் நுழைவுத் தேர்வு ஸ்கோர் நன்றாகத்தான் இருக்கிறது. நாளை மாலைக்குள் லாக் செய்ய வேண்டும். யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

கோடம்பாக்கத்தான்:
எந்தப் பேப்பர் எழுதினீர்கள்? என்ன டிகிரி? எத்தனை சதவீதம்? இதில் ஒன்றையும் சொல்லாமல் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

சிவில்சிங்கம்:
பேப்பர்தான் பிரச்சினை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சி.ஈ. (சிவில்) எழுதியிருப்பார். ஒவ்வொரு கோர்ஸுக்கும் எந்த டிகிரி, எந்தப் பேப்பர் என்று தனி அட்டவணை உண்டு. அதில் பொருந்தாத கோர்ஸைத் தளம் காட்டாது.

கயல்:
பிரவுசரை மாற்றிப் பாருங்கள். போன வருஷம் என் தோழிக்கு மொபைலில் லிஸ்ட் வரவில்லை, லேப்டாப்பில் வந்தது.

மூத்தகுடி:
வருஷா வருஷம் இதே கேள்வி. தேடல் பெட்டியை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. தகவல் கையேட்டைத் திறந்தாலே பதில் இருக்கிறது. அதைப் படிக்க முடியாதவர் இரண்டு வருஷம் ஸ்டுடியோவில் (வரைந்து திட்டம் போடும் செய்முறை வகுப்பில்) என்ன செய்யப் போகிறார்?

வரைபடப்பித்து:
ஏ.ஆர். (ஆர்க்கிடெக்சர், பிளானிங்) பேப்பர்தான். பி2, திட்டமிடல் பகுதி எடுத்தேன். 71 சதவீதம். பிரவுசர் மாற்றியும் வரவில்லை.

சிவில்சிங்கம்:
அப்படியானால் சான்றிதழ் சிக்கலாக இருக்கும். ஓ.பி.சி. சான்றிதழ் இந்த நிதியாண்டுடையதா?

கோடம்பாக்கத்தான்:
அதற்கும் லிஸ்ட் காலியாவதற்கும் என்ன சம்பந்தம்? தம்பி, டிகிரி என்ன? இரண்டாவது தடவை கேட்கிறேன்.

வரைபடப்பித்து:
பி.எஸ்சி. புவியியல். அது பிரச்சினையா? கேட் விண்ணப்பத்தில் ஏற்றுக்கொண்டார்களே.

கோடம்பாக்கத்தான்:
அதுதான் பிரச்சினை. கேட் எழுதும் தகுதி வேறு, கோர்ஸில் சேரும் தகுதி வேறு. கேட்டை மூன்றாம் ஆண்டு படிக்கிறவர்களே எழுதலாம், பி.எஸ்சி.க்காரருக்கும் இடம் உண்டு. எம்.பிளானுக்கு பி.ஆர்க்., பி.பிளான், பி.இ. சிவில் என்றால் நேரே போகலாம். புவியியல், பொருளியல், சமூகவியல் ஆட்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள், ஆனால் முதுகலை முடித்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இளங்கலை. தளத்தில் கோளாறு எதுவும் இல்லை.

கயல்:
ஐயோ பாவம். அண்ணா பல்கலை வழி இருக்கிறதே, அவர்கள் நடத்தும் சீட்டா நுழைவுத் தேர்வு?

கோடம்பாக்கத்தான்:
முன்பு டான்செட்டில் இருந்தது, 2023இலிருந்து சீட்டா. தேர்வுதான் வேறு, மூன்று வருட பி.எஸ்சி.யோடு அங்கேயும் அதே சுவர்தான்.

கோட்டோவியன்:
கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், இது நியாயமான கட்டுப்பாடு. எம்.பிளானின் முதுகெலும்பே ஸ்டுடியோ. முதலில் ஒரு பகுதி, அப்புறம் ஒரு நகரம், அப்புறம் ஒரு வட்டாரம் என்று திட்டம் போட வேண்டும். கோடையில் பயிற்சி, நான்காம் செமஸ்டரில் ஆய்வேடு, வைவா. வரையவே தெரியாதவர் முதல் செமஸ்டரிலேயே தவித்துப் போவார்.

நீர்வழி:
நான் எம்.ஏ. புவியியல் படித்துவிட்டு எம்.பிளான் முடித்தவள். ஷீட் போடுவதை, அதாவது வரைபடம் வரைவதை, ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கும் கண் அவ்வளவு சீக்கிரம் வராது. பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக் கட்டியதெல்லாம் புவியியல்காரர் போட்ட திட்டமா? 1915இல் மெட்ராஸில் நகரக் கண்காட்சி நடத்திய பேட்ரிக் கெடிஸ் தாவரவியல் பேராசிரியர், தெரியுமா?

கோட்டோவியன்:
கெடிஸ் காலத்தில் ஏ.ஆர். பேப்பர் இல்லை மேடம். பள்ளிக்கரணையை ஆர்க்கிடெக்ட் தலையில் கட்டாதீர்கள், அனுமதி கொடுத்தது யார் என்று பாருங்கள்.

சிவில்சிங்கம்:
இரண்டு பேரும் ரோடு போடும் ஆளை மறந்துவிட்டீர்கள்.

மூத்தகுடி:
சண்டைக்கு வேறு இழை திறக்கவும்.

நீர்வழி:
சரி. தம்பிக்கு இரண்டு வழி. ஒன்று, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. புவியியல் சேர்வது. சென்னைப் பல்கலையில் அந்தத் துறை இருக்கிறது. ஜி.ஐ.எஸ். (கணினி வழி வரைபடத் தகவல் முறை), புள்ளியியல் இரண்டையும் அங்கேயே ஒழுங்காகப் படித்துவிடுங்கள், பின்னால் ஸ்டுடியோவில் உங்களைத் தேடி வருவார்கள். இன்னொன்று வெளிநாடு. பிரிட்டனில் ஆர்.டி.பி.ஐ. (அங்குள்ள திட்டமிடலாளர் அமைப்பு) அங்கீகாரமுள்ள முதுகலை முழுநேரமாக ஓராண்டு, பல இடங்களில் வேறு துறை இளங்கலையோடும் எடுப்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாண்டு, பி.ஏ.பி. (திட்டமிடல் படிப்புகளுக்கான அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே எல்லாப் பல்கலையும் மூன்று வருட டிகிரியை ஏற்பதில்லை. திரும்பி வந்து இங்கே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் அந்தப் பட்டத்தை ஐ.டி.பி.ஐ. (இந்திய நகரத் திட்டமிடலாளர் அமைப்பு) எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். டவுன் பிளானர் வேலை அறிவிப்புகள் சிலவற்றில் அந்த உறுப்பினர் தகுதியைக் கேட்கிறார்கள்.

சிவில்சிங்கம்:
நான் சொன்ன அட்டவணை விஷயம் சரிதானே?

கோடம்பாக்கத்தான்:
பாதி சரி.

வரைபடப்பித்து:
எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இந்த கேட் ஸ்கோர் வீண்தானா?

நீர்வழி:
வீணாகாது. முடிவு வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் செல்லும். நீங்கள் எம்.எஸ்சி. முடிக்கும் கோடையில் நடக்கிற கவுன்சலிங்குக்கு இதே ஸ்கோரைக் காட்டலாம். ஆனால் அந்த வருஷ அட்டவணையில் புவியியல் முதுகலைக்கு எந்தப் பேப்பர் கேட்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் கார்டை இப்போதே இறக்கி வையுங்கள், பின்னால் தேடினால் பணம் கேட்பார்கள்.