ரோமர் 3:28, யாக்கோபு 2:24: திடப்படுத்தல் வகுப்பில் (சபையின் முழு அங்கத்தினராகப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வகுப்பு) எப்படிச் சொல்வது?

காட்பாடி வாசகர்:
ஸ்தோத்திரம். விசுவாசத்தினாலே நீதிமான் என்கிறார் பவுல். விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் (செயல்களினாலேயும்) என்கிறார் யாக்கோபு. பிள்ளைகள் குழம்புகிறார்கள். எங்கே தொடங்கலாம் ஐயா?

ராணிப்பேட்டை:
ஆபிரகாமில் தொடங்குங்க தம்பி. ஆதியாகமம் 15:6-இல் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. இஸ்மவேல் பிறந்தது அதற்குப் பிறகு, 86 வயதில். உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். ஆக, குறைந்தது 13 வருஷ இடைவெளி. விருத்தசேதனத்துக்கு முன்பே நீதிமானாக எண்ணப்பட்டார் என்று ரோமர் 4:10-இல் பவுல் சொல்லும் வாதமே இதன்மேல்தான் நிற்கிறது. யாக்கோபு எடுப்பதோ 22-ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது. முன்பே நீதிமானாக எண்ணப்பட்டவருடைய விசுவாசம் அங்கே செயலில் தெரிகிறது. பலகையில் 15, 17, 22 என்று எழுதிவிட்டுப் பேசுங்க. பாதிக் குழப்பம் தீரும்.

ஆம்பூர்:
யாக்கோபு 2:19-ஐ விட்டுடாதீங்க. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. அந்த வெறும் ஒப்புக்கொள்ளுதலைத்தான் அவர் கண்டிக்கிறார். பிள்ளைகள் சறுக்குகிற இடம் வேறு: ‘என் விசுவாசம் பெரிசு, அதனால் தேவன் ஏற்றுக்கொண்டார்’ என்று அதையே ஒரு கிரியையாக்கிவிடுவார்கள். விசுவாசம் வாங்குகிற கை மட்டுமே, நீதி கிறிஸ்துவுடையது. ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்கச் சீர்திருத்த சபை ஏற்கும் ஹைடல்பெர்க் வினாவிடையில் (1563) 61-ஆம் கேள்வி இதற்கென்றே இருக்கிறது.

காட்பாடி வாசகர்:
நன்றி. மனப்பாடத்துக்கு எபேசியர் 2:8, 9 போதுமா?

ராணிப்பேட்டை:
10-ஐயும் சேருங்க. நற்கிரியை வருவதே அந்த வசனத்தில்தான், இரட்சிப்புக்குப் பின்னால்.