புதுப்பிப்பு: அம்மாவுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல்தான்

தேவிபட்டினத்திலிருந்து போன வாரம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், டெங்கு இல்லையாம், வேறு என்னவாக இருக்கும் என்று. கருப்புப் புண் இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். பார்த்தோம். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு பொருக்கு. வலியே இல்லை, அதனால் அம்மாவும் சொல்லவில்லை. சீமைக் கருவேலங்காட்டில் விறகு ஒடித்தபோது உண்ணி ஏறிக் கடித்திருக்கும். பெயர்தான் உண்ணி, கடிப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு.

எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) என்று உறுதியானது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது, கஞ்சி கேட்டார்.

அப்புறம் ஆஸ்பத்திரியில், ஆய்வுக்குக் கொஞ்சம் ரத்தம் தரலாமா என்றார்கள். அம்மா உடனே கையை நீட்டினார். எனக்கு அவ்வளவு பெருமை. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து ஏற்றினால் பலன் கூடும் என்று 2023-இல் தெரிந்ததே, நம் நாட்டில் 794 நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்ந்ததால்தான்.