நெசவு, ஆடை வடிவமைப்புப் பாடம்: பதினொன்றாம் வகுப்புக்கு முன் என்ன பழக வேண்டும்?

கேள்வி (பாளையங்கோட்டை, ஒரு தாய்)

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவில் உள்ள ஆடை வடிவமைப்புப் பாடத்தில் சேர விரும்புகிறாள்; என் மாமனாரோ கணிதப் பிரிவுதான் நல்லது என்கிறார். அவளுக்குக் கோலமும் ஓவியமும் நன்றாக வரும், ஆனால் ஊசி பிடித்ததில்லை, தறியைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் இல்லை. பள்ளி திறக்க ஆறு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் எதைப் பழக்குவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்)

அம்மா, பிரிவைப் பற்றிய குழப்பம் எளிதில் தீரும். நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) நடத்தும் நான்காண்டு வடிவமைப்புப் பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். பொறியியலில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க நினைத்தால் பொதுவாகக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். மகளின் மனம் எந்தப் பக்கம் என்று அவளிடமே கேளுங்கள்.

கோலம் வரும் என்றீர்களே, அதை லேசாக எண்ண வேண்டாம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன; ஊடுபுள்ளியில் அடுத்த வரிசைப் புள்ளி முந்தைய இரண்டுக்கும் நடுவே விழுகிறது. துணியில் ஒரே பூவைத் திரும்பத் திரும்ப அமைக்கும் இரண்டு முதன்மையான முறைகளும் இவையே. ஒரே பூவை இரண்டு விதமாகவும் அடுக்கி வரைந்து, எட்டடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். தாளில் தெரியாத கோடுகளும் வெற்றிடங்களும் அப்போது கண்ணில் படும்.

அட்டையில் பல் வெட்டிப் பாவு (நீளவாட்டு இழைகள்) கட்டி, சாதா நெசவு, ட்வில் (சாய்கோடு விழும் நெசவு), சாட்டின் (வழவழப்பான நெசவு) மூன்றையும் கம்பளி நூலில் பின்னிப் பார்க்கட்டும். நூல் கடையில் பருத்தி நூலுக்கு 40ஆம் நம்பர் என்றால் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் சுற்றுகள்) நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்று பொருள். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வகுப்புக்கு வருகிறார்கள்.

பதில் 2 (வீரவநல்லூர், நெசவுக் குடும்பத்தவர்)

ஆசிரியர் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் தங்கை படித்த காலத்தில் கிராப் தாளில் 48 கட்ட அகலமும் 48 கட்ட உயரமுமாக வட்டமான ஒரு பூவை வரைந்து, தறியில் ஏற்றித் தரச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். ஒரு கட்டம் ஓர் இழைக்குச் சமம்; எங்கள் தறியில் ஓர் அங்குலத்துக்குப் பாவு இழை 64, ஊடை (குறுக்கு) இழை 48. நெய்து வந்த பூ முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமுமாக, கோழி முட்டையை நிறுத்தி வைத்தது போல இருந்தது. அவள் அழுதே விட்டாள். அப்பா சிரித்தபடி, கட்டம் சதுரமாக இருந்தாலும் இழைகள் சதுரமாக விழுவதில்லை என்று சொல்லி, அகலத்தை 64 கட்டமாக்கி மறுபடி வரையச் சொன்னார். இந்தக் கணக்குத் தெரியாமல் அழகாக வரைகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் மகள் இதை இப்போதே அறிந்துகொள்ளட்டும்.

பதில் 3 (மேலப்பாளையம், வடிவமைப்பு மாணவி)

அக்கா, நான் வடிவமைப்புப் படிப்பில் சேர நடந்த நேர்முகத் தேர்வுக்கு வழவழப்பான இருபது ஓவியங்களை எடுத்துச் சென்றேன். இதை எந்த நூலில், எப்படி நெய்வாய் என்று கேட்டார்கள். விடை சொல்லத் தெரியவில்லை. தவறான முயற்சிகளையும் ஒட்டிய ஒரு நோட்டு என்னிடம் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, துணிகளிலிருந்து பிரித்த இழைகளை இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்க்கட்டும்: பருத்தியில் காகிதம் கருகும் வாசனையும் பட்டில் முடி கருகும் நாற்றமும் வரும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் ஊறிய பருத்தித் துணியை மஞ்சளில் சாயமேற்றி மூன்றாகக் கிழித்து, ஒன்றை வெயிலில் போட்டு, மற்றொன்றைச் சோப்பு நீரில் நனைத்து, மூன்றாவதை நோட்டுக்குள் வையுங்கள். வெயிலில் கிடந்தது வெளுத்திருக்கும். சோப்பு பட்டது சிவந்திருக்கும். மூன்றையும் தேதியிட்டு ஒட்டினால் அந்த ஒரு பக்கமே நல்ல தொடக்கம்.

கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடைக்கும் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். பாவில் நூலும் ஊடையில் கோரையுமாக, கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே எழுத்தாக நெய்கிறார்கள். வளைவான நம் எழுத்து, நேர்க்கோடாக மட்டுமே ஓடும் கோரைக்குள் எப்படி அடங்குகிறது என்பதை அவள் வரைந்து வரட்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மாமனாரிடம் பேசினோம், அவள் தொழிற்கல்விப் பிரிவிலேயே சேர்கிறாள். வீரவநல்லூர் அண்ணாச்சி, தறி பார்க்க எந்த நேரத்தில் வரலாம்?

பதில் 2 எழுதியவர்

தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நாளில், வெயில் ஏறும் முன் வந்துவிடுங்கள். மழை தூறினால் அன்றைக்கு அந்த வேலை நடக்காது. பகலில் வந்து தறியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.