கன்சோல்ல சக்சஸ், மிஷின்ல பழைய வெர்ஷன்: எஸ்சிசிஎம் ரிப்போர்ட்ல எதை நம்புறது?

லேப்அட்மின்:
வணக்கம். எங்க காலேஜ் லேப்ல 210 மிஷின், எல்லாம் எஸ்சிசிஎம்ல (எல்லா மிஷினுக்கும் ஒரே இடத்துலேர்ந்து சாஃப்ட்வேர் ஏத்துற மைக்ரோசாஃப்ட் டூல்) இருக்கு. வியாழக்கிழமை 7-ஜிப்ங்கிற ஃபைல் சுருக்குற சாஃப்ட்வேரோட புது வெர்ஷனை ரிக்வயர்டா, அதாவது கட்டாயம் ஏறணும்னு டிப்ளாய் பண்ணேன், மறுநாள் பாத்தா 168 சக்சஸ், 39 அன்னோன், 3 எரர். சரினு ஹெச்ஓடிக்கு 168ல ஏறிடுச்சுனு மெயில் போட்டுட்டேன், அப்புறம் வேற வேலையா லேபுக்கு போனப்ப நாலு மிஷின திறந்து பாத்தா மூணுல பழைய வெர்ஷன்தான் இருக்கு!! மூணுமே சக்சஸ் லிஸ்ட்ல இருக்கு. மெயில் வேற போயிடுச்சு, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

சர்வர்ரூம்:
டிடெக்‌ஷன் ரூல், அதாவது சாஃப்ட்வேர் ஏறியிருக்கானு பாக்குற ரூல், என்ன குடுத்திருக்கீங்க தம்பி?

லேப்அட்மின்:
ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல 7-ஜிப் ஃபோல்டர்ல அந்த எக்ஸ்இ இருக்கானு பாக்குற மாதிரி அண்ணா

சர்வர்ரூம்:
அதான் விஷயம். பழைய வெர்ஷன் போட்டிருந்தாலும் அந்த ஃபைல் அங்கதானே இருக்கும்? மிஷின்ல இருக்குற எஸ்சிசிஎம் கிளையன்ட் முதல்ல ரூலைத்தான் ஓட்டும், ஃபைல் இருக்கு, அப்ப ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருக்குனு முடிவு பண்ணி இன்ஸ்டாலரை தொடாமலே சக்சஸ்னு அனுப்பிடும். அந்த மூணு மிஷின்ல சிசிஎம் லாக்ஸ் ஃபோல்டரை பாருங்க, ஆப்டிஸ்கவரி லாக்ல கண்டுபிடிச்சதா இருக்கும், இன்ஸ்டாலர் ஓடினா பதிவாகுற ஆப்என்ஃபோர்ஸ் லாக்ல இந்த டிப்ளாய்மென்ட் பத்தி ஒரு வரிகூட இருக்காது. ரூல்ல வெர்ஷனையும் சேருங்க, புதுசுக்கு சமமா இல்ல அதுக்கு மேலனு.

பேட்ச்நைட்:
அந்த 39ஐ ஃபெயில்னு எழுதிடாதீங்க ப்ரோ. அன்னோன்னா அந்த மிஷின்கிட்டேர்ந்து தகவலே வரலனு அர்த்தம், லேப் மிஷின்னா பாதி ஆஃப்லதான் கிடக்கும். ஆன்ல இருந்தாலும் டீஃபால்ட்டா 60 நிமிஷத்துக்கு ஒரு தடவதான் சர்வர்கிட்ட பாலிசி, அதாவது என்ன செய்யணும்னு கேக்கும். கன்சோல்ல தெரியுற நம்பரும் கடைசியா சம்மரைசேஷன் (மிஷின்லேர்ந்து வந்த தகவலைத் தொகுக்குற வேலை) ஓடினப்ப எடுத்தது, புது டிப்ளாய்மென்ட்டுக்கு டீஃபால்ட் 1 மணி நேரம், 90 நாள் தாண்டினதுக்கு 7 நாள். அவசரம்னா ரைட் கிளிக் பண்ணி ரன் சம்மரைசேஷன் குடுங்க.

லேப்அட்மின்:
ரூல் மாத்தியாச்சு, நீங்க சொன்ன மாதிரியே ஆப்என்ஃபோர்ஸ்ல ஒண்ணுமே இல்ல. இப்ப சக்சஸ் 61க்கு இறங்கிடுச்சு, பாக்க கஷ்டமா இருந்தாலும் கைல செக் பண்ண ஆறு மிஷினும் ரிப்போர்ட்டோட ஒத்துப்போகுது, அதுவே நிம்மதி. ஹெச்ஓடிக்கும் சரியான கணக்கை அனுப்பிட்டேன். ரெண்டு மிஷின்ல மட்டும் இன்ஸ்டாலர் முடியும்போது குடுக்குற எக்சிட் கோட் 3010னு வருது, அது எரரா?

சர்வர்ரூம்:
இல்ல தம்பி, இன்ஸ்டால் ஆயிடுச்சு, ரீஸ்டார்ட் கேக்குது. சாயங்காலம் பசங்க போனதும் பண்ணிடுங்க.