செத்தது கடவுளா, மனிதனா? ஞாயிறு பள்ளிக்கு உதவி வேண்டும்

வணக்கம். ஏற்காட்டில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், பெரும்பாலும் காப்பித் தோட்டத்து வீடுகள். பெரிய வெள்ளிக்கு முன்பு பாவநிவாரணம் (கிறிஸ்துவின் சாவு மனிதரின் பாவத்தைப் போக்குகிறது என்ற போதனை) பற்றிப் பாடம் எடுத்தபோது ஒரு பெண் கேட்டாள்: "சிலுவையில செத்தது மனுஷன்னா, ஒருத்தர் சாவு எப்படி எல்லாருக்கும் போதும்? கடவுள்னா, கடவுள் எப்படிச் சாவார்?" அன்றிலிருந்து பாடம் நகரவில்லை.

முதலில் அன்செல்ம் என்ற இறையியலாளர் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த வாதத்தைச் சொன்னேன். பாவத்தால் கடவுளுக்குக் கடன்பட்டவன் மனிதன், அடைக்கக் கூடியவர் கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமாக இருப்பவர் வேண்டும். "மன்னிக்க விரும்பும் கடவுள் ஏன் வசூலிக்கணும்?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். எபிரெயர் 2:14ஐ வைத்து, சாவை வென்ற கிறிஸ்து என்ற கோணத்தில் சொன்னேன். அது பிள்ளைகளுக்குப் பிடித்தது, ஆனால் அவள் கேள்வி அப்படியே நின்றது.

கடைசியாக 451இல் கல்செதோனில் கூடிய திருச்சபைச் சங்கம் சொன்னது: ஒரே ஆள், இரு இயல்புகள், கலப்பும் இல்லை, பிரிவும் இல்லை. மனித இயல்பில் மரித்தார் என்றேன். "அப்போ பாதிதான் செத்தாரா?" என்றாள். கிறிஸ்துவை இரண்டு ஆளாகப் பிரித்தார் என்று கண்டிக்கப்பட்ட நெஸ்தோரியுவின் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். சேலத்தில் ஒரு மூத்த போதகரிடம் கேட்டதற்கு, "விசுவாசிக்கச் சொல்லுங்க" என்றார். இந்தப் பெண்ணிடம் அது எடுபடாது.

இறையியல் படித்தவர்களுக்கு ஒரே கேள்வி: மரித்தது இயல்பு அல்ல, ஆள்தான் என்பதை, கிறிஸ்துவை இரண்டாகப் பிரிக்காமல், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?