மகனின் ஜீ6பீடி நொதியப் பரிசோதனை: வழி தெரிந்தவர்கள் உதவவும்

ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். ஜனவரிக் குளிருக்காக, நப்தலீன் உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த கம்பளியை என் ஐந்து வயது மகனுக்குப் போர்த்திய மூன்றாம் நாள், அவனுடைய சிறுநீர் சாயத்தேநீர் நிறமாகி, கண்கள் மஞ்சளித்தன. என் தம்பிக்கும் சிறுவயதில் இவ்வாறே நேர்ந்தது. செங்குழியங்களைக் காக்கும் ஜீ6பீடி என்ற நொதியம் குறைந்திருந்தால், நப்தலீன் போன்றவற்றால் அக்குழியங்கள் சிதைந்து இப்படி ஆகும். இக்குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே தாயிடமிருந்து மகனுக்கு வருவது என்பதால் அஞ்சுகிறேன்.

மருத்துவமனையில் அதே வாரம் செய்த ஒளிர்வுப் புள்ளிச் சோதனை (குறைபாடு உண்டா இல்லையா என்று மட்டும் காட்டுவது) இயல்பு என்றது. ஆனால், நொதியம் குறைந்த முதிய செங்குழியங்கள் சிதைந்து, நொதியம் மிகுந்த இளங்குழியங்களே எஞ்சியிருக்கும் வேளையில் குறைபாடு மறைந்துபோகலாம். அதனால், மறுபடி சோதிப்பதற்காக மூன்று மாதங்கள் காத்திருந்தோம்; இரத்தம் ஏற்றாததால் பிறருடைய குழியங்களும் கலந்திருக்கா. இந்நொதியத்துக்கு நூற்றுக்கணக்கான மாற்றுவடிவங்கள் இருந்து, குறைவின் அளவும் அவற்றுக்கேற்ப மாறுவதால், ‘உண்டு, இல்லை’ என்ற விடை எனக்குப் போதாது. நுவரெலியாவில் இரண்டு ஆய்வுகூடங்களில் விசாரித்தும் பயனில்லை.

கண்டியிலோ பதுளையிலோ இந்நொதியத்தின் செயற்பாட்டை எண்ணளவில் அளந்து தரும் ஆய்வுகூடம் எது?