வீட்டில் பீர் காய்ச்சினால் காசு மிச்சமா?

கணக்கப்பிள்ளை:
சிங்கப்பூரில் பீர் விலைக்குப் பயந்து வீட்டிலேயே காய்ச்சப் போகிறேன் என்று கிளம்பும் நண்பர்களே, காசு மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாளி, பெரிய பானை, மூடி பொருத்தும் கருவி என்று ஆரம்பிக்கும். கடைசியில் இரண்டாவது ஃபிரிட்ஜில் போய் நிற்கும்.

ஈசூன்காரன்:
அண்ணே, வரியை விட்டுவிட்டீர்களே! பீரில் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கலால் வரி. 5 சதவீத பீர் 20 லிட்டர் என்றால் அதில் ஆல்கஹால் ஒரு லிட்டர். அந்த ஒரு வாளிக்கு வரி மட்டுமே 60 வெள்ளி. இறக்குமதிச் சரக்கென்றால் மேலே சுங்கவரி 16 வெள்ளி. நாம் குடிக்க நாமே காய்ச்சினால் இது இல்லை. வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமும் வேண்டாம். விற்கக் கூடாது, 18 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கப்பிள்ளை:
சரி, வரி மிச்சம். மின்சாரக் கட்டணம்? பீர் நொதிக்கக் குளிர்ச்சி வேண்டும், அதற்குத்தான் அந்த ஃபிரிட்ஜ். ஏல் வகை பீருக்கே 18 முதல் 22 டிகிரி வேண்டும். லாகர் வகை என்றால் 10, 12. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாதாரணமாகவே 30. அந்தச் சூட்டில் விட்டால் பீர் பெயின்ட் தின்னர் மாதிரி காட்டமாக வரும். கொதித்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை ஆறவைக்கவும் இங்கே பாடுதான். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கிறது, ஐஸ் மூட்டை வாங்கி வர வேண்டும்.

ஈசூன்காரன்:
அதற்குத்தான் குவைக் ஈஸ்ட் இருக்கிறது. நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறையாகக் காத்துவந்தது. 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும், சில நாளில் வேலை முடியும். அதில் வோஸ் என்ற வகையில் லேசாக ஆரஞ்சு வாசனை வரும். ஃபிரிட்ஜே வேண்டாம்.

கணக்கப்பிள்ளை:
அப்படியென்றால் ஆரஞ்சு வாசனை பீரையே ஆயுசுக்கும் குடிக்கணும்! லாகர் வகையான பில்ஸ்னர் கேட்டால்?

ஈசூன்காரன்:
பில்ஸ்னர் காப்பிக்கடையிலேயே கிடைக்கிறதே அண்ணே. கடையில் கிடைக்காததைக் காய்ச்சத்தான் இந்த வேலையே. போன தீபாவளிக்குக் கொத்தமல்லி விதையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கோதுமை பீர் செய்தேன். பீரே பிடிக்காத மாமா இரண்டாவது கிளாஸ் கேட்டார். அதற்கு வெள்ளிக் கணக்கு போட்டால் எப்படி?

ஜூரோங் அமுதா:
வெள்ளிக் கணக்கு இருக்கட்டும், நேரக் கணக்கு யார் போடுவது? என் வீட்டுக்காரர் காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமை சமையலறை எனக்கில்லை. பாதி நேரம் பாத்திரத்துக்குக் கிருமிநாசினி அடிப்பதிலேயே போகிறது. சோபாவுக்குப் பின்னால் பாட்டில் வெடித்த கதை வேறு.

ஈசூன்காரன்:
அக்கா, அது அவசரத்தில் பாட்டிலில் அடைத்ததால் வருவது. நொதிக்காத சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே அடைக்கணும். நுரைக்காகப் போடும் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம் போதும். தாராளம் காட்டினால் வெடிக்கத்தான் செய்யும்.

கணக்கப்பிள்ளை:
பாருங்கள், காசு மிச்சம் என்ற பேச்சு எப்போதோ காணாமல் போய்விட்டது. பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். பட்ஜெட் என்று சொல்லாதீர்கள்.

ஈசூன்காரன்:
மீன் பிடிக்கப் போகிறவரிடம் கிலோ என்ன விலை விழுந்தது என்று கேட்பீர்களா?

ஜூரோங் அமுதா:
அவர் மனைவி கேட்பார். அப்புறம் தம்பி, மால்ட் சக்கையைப் பையில் இறுக்கிக் கட்டாமல் குப்பைக் குழாயில் கொட்டாதீர்கள். ஒரே நாளில் புளித்து புளோக் முழுக்க நாறும்.